டெஸ்க்டாப் கருப்பாகிவிட்டதா? ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டில் உட்கார்ந்து டிடிபி (கணினியில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு) வேலை செய்பவர்களுக்குக் காலையில் கணினி கிளம்பவில்லை என்றால் அன்றைய பிழைப்பு போச்சு. போன வருடம் ஒரு திங்கட்கிழமை, கணினி கிளம்பியது, ஆனால் டெஸ்க்டாப் முழுக்கக் கருப்பு. ஐகான்கள் இருந்தன, டாஸ்க்பார் இருந்தது, வைத்திருந்த படம் மட்டும் காணோம். வேறு படம் வைத்துப் பார்த்தேன். ஏறவில்லை.

பயந்துபோய் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம்" என்றார்கள். அதாவது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. 600 ரூபாய், இரண்டு நாள். வீட்டுக்கு வந்து தமிழ் ஃபான்ட்டுகள், தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி போட இன்னும் அரை நாள். பத்தே நாளில் திரை மறுபடி கருப்பு! அப்புறம்தான் புரிந்தது: இரண்டு முறையும் கருப்பாக்கியது நானேதான். படம் கண்ணை உறுத்துகிறதே என்று ஒரு செட்டிங்கை அணைத்திருந்தேன், அணைத்ததையும் மறந்திருந்தேன். திருப்பிப் போட ஒரு கிளிக் போதும்.

அந்த 600 ரூபாய் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். எந்தப் படிக்கும் காசு செலவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகலாம், பெரும்பாலும் பாதியிலேயே காரணம் சிக்கிவிடும்.

1. என்ன மாதிரிக் கருப்பு என்று முதலில் பாருங்கள்

எதையும் தொடுவதற்கு முன் திரையை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால், "கருப்பா இருக்கு" என்று வாயால் விளக்குவதைவிட அது நூறு மடங்கு மேல்.

அடுத்து, ஐகான்களும் டாஸ்க்பாரும் தெரிகின்றனவா? தெரிந்தால் இது வெறும் பின்னணிக் கோளாறு, 2-ஆம் படிக்குப் போங்கள்.

மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது, வேறு ஒன்றுமே இல்லை என்றால், டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்ற நிரல் நின்றுபோயிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப் திரும்பிவிடும்.

அம்புகூட இல்லை என்றால் விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதாக வரும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இது திரையில் படம் காட்ட உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி கிளப்பும். ஒரு சின்ன பீப் சத்தம், திரை ஒரு முறை சிமிட்டும். திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

2. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா?

ஆக்டிவேட் என்றால் உங்கள் விண்டோஸின் லைசென்ஸ் சரி என்று மைக்ரோசாஃப்ட் உறுதி செய்வது. திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலான எழுத்து தெரிகிறதா? அப்படியானால் பர்சனலைசேஷன் பக்கம் பூட்டியிருக்கும், நிறம், படம் எதையும் அங்கே மாற்ற முடியாது. உறுதி செய்துகொள்ள: விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன்.

புதிதாக வாங்கியவர்களும், ஃபார்மட் செய்து வாங்கி வந்தவர்களும் அதிகம் ஏமாறும் இடம் இது. விண்டோஸோடு சேர்த்து விற்கப்பட்ட மடிக்கணினியில் (விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவை) லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனை மறுபடி போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், புதுச் சாவி வாங்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுடையது ஹோம் எடிஷன், கடையில் கைக்குக் கிடைத்த புரோ எடிஷனைப் போட்டுவிட்டார்கள் என்றால் அந்தச் சாவி பொருந்தாது. பிறகு "லைசென்ஸ் தனியா வாங்கணும்" என்று ஒரு தொகை கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள், அதில் ஹோம் என்றோ புரோ என்றோ எழுதியிருக்கும். அதே எடிஷனைத்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் 25 எழுத்துச் சாவிகளை நம்ப வேண்டாம். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. இன்று வேலை செய்யும், ஒரு நாள் செல்லாமல் போகும், காசு திரும்ப வராது. கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள்) போடுவது அதைவிட மோசம்.

சாவி விவகாரம் தீரும் வரைக்கும் ஒரு சுற்று வழி உண்டு. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸிலும், ஒரு படக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'செட் அஸ் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்' கொடுத்தால் படம் ஏறும். வெறும் நிறம் வேண்டுமென்றால் 8-ஆம் படியில் சொல்வதுபோல ஒற்றை நிறப் படம் செய்துகொள்ளுங்கள்.

3. என்னைக் கவிழ்த்த அந்த செட்டிங்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், ஈஸ் ஆஃப் ஆக்சஸ், டிஸ்பிளே. கொஞ்சம் கீழே இறங்கினால் 'ஷோ டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட் இமேஜ்' என்று ஒரு சுவிட்ச். அது ஆஃபில் இருந்தால், பர்சனலைசேஷன் பக்கத்தில் எத்தனை படம் மாற்றினாலும் டெஸ்க்டாப்பில் ஒன்றுமே வராது. எந்த எச்சரிக்கையும் காட்டாது. படத்தைத் தேர்ந்தெடுக்க விடும், சின்ன மாதிரிப் படத்தில்கூடக் காட்டும். அதனால்தான் ஆட்கள் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் 11-இல் இதையே பழைய கன்ட்ரோல் பேனல் வழியாகப் பாருங்கள்: கன்ட்ரோல் பேனல், ஈஸ் ஆஃப் ஆக்சஸ் சென்டர், 'மேக் த கம்ப்யூட்டர் ஈசியர் டு சீ'. அந்தப் பக்கத்தின் அடிப்பகுதியில் 'ரிமூவ் பேக்கிரவுண்ட் இமேஜஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். விண்டோஸ் 10-இலும் இந்தப் பக்கம் உண்டு.

கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒன்றிரண்டு டிக் போட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். நானும் அப்படித்தான்.

4. குழந்தைகள் இருக்கும் வீட்டில்: கான்ட்ராஸ்ட் தீம்

டெஸ்க்டாப் மட்டுமில்லாமல் ஃபோல்டர், செட்டிங்ஸ் எல்லாமே கருப்பாகி, எழுத்துகள் மஞ்சளும் பச்சையுமாக மின்னினால் அது ஹை கான்ட்ராஸ்ட். பார்வை குறைந்தவர்களுக்காக உள்ள வசதி. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றும் சேர்ந்து அழுந்தினால் "ஆன் செய்யவா?" என்று கேட்கும், யாராவது எஸ் கொடுத்தால் ஆகிவிடும். அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். ஆகாவிட்டால் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சசபிலிட்டி, கான்ட்ராஸ்ட் தீம்ஸ் போய் 'நன்' (எதுவும் வேண்டாம்) கொடுங்கள். விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸில் ஹை கான்ட்ராஸ்ட்.

5. அலுவலகக் கணினி, தூரத்துக் கணினி

பேக்கிரவுண்ட் பக்கத்தின் மேலே, சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது கோளாறு இல்லை, பூட்டு. ஐடி ஆட்களிடம் கேட்க வேண்டியதுதான். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) நோண்டும் வீடியோக்களைப் பார்த்துக் கைவைத்தால் வேலைக்கே வம்பாகலாம்.

சொந்தக் கணினியிலேயே அந்த வரி வந்தால், எப்போதோ அலுவலக அல்லது கல்லூரிக் கணக்கை அதில் சேர்த்திருக்கலாம். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' போய்ப் பாருங்கள். அந்தக் கணக்கு இனி தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டிஸ்கனெக்ட் செய்யுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழையும்போது மட்டும் கருப்பாக இருக்கிறதா? இன்டர்நெட் வேகத்தை மிச்சம் பிடிக்க அந்த நிரல் படத்தை விட்டுவிடும். இணைக்கும் முன் 'ஷோ ஆப்ஷன்ஸ்', அதில் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பகுதி, அங்கே 'டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்' கட்டத்தில் டிக் போடலாம். இணைப்பு மெதுவானது என்றால் போடாமல் இருப்பதே நல்லது.

6. ஸ்லைட்ஷோவும் கெட்டுப்போன படக் கோப்பும்

பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டரை ஸ்லைட்ஷோவுக்குக் கொடுத்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றினால் படம் எங்கிருந்து வரும்? படங்களைக் கணினிக்குள் நகலெடுத்து அந்த ஃபோல்டரைக் கொடுங்கள். மடிக்கணினியில் சார்ஜர் இல்லாதபோது ஸ்லைட்ஷோ நகராமல் நின்றால், அதே பக்கத்தில் பேட்டரியிலும் ஓட விடும் சுவிட்ச் இருக்கிறது.

இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்றால்: விண்டோஸ் நீங்கள் தரும் படத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் காட்டுகிறது. அந்தப் பிரதி கெட்டிருக்கலாம். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போடுங்கள். பிறகு சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயருள்ள ஃபோல்டர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்று உள்ளே போனால் 'டிரான்ஸ்கோடட் வால்பேப்பர்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை அழிக்காமல், பெயரின் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்து மாற்றிவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து, படத்தை மறுபடி வையுங்கள். புதுப் பிரதி உருவாகும். வேறு எந்த ஃபோல்டரிலும் கை வைக்க வேண்டாம்.

7. இனி, பிடித்த நிறத்தை வைப்பது

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் வலது கிளிக், பர்சனலைஸ், பேக்கிரவுண்ட். அங்குள்ள பட்டியலில் 'பிக்சர்' என்பதை 'சாலிட் கலர்' என்று மாற்றுங்கள். கீழே சில நிறக் கட்டங்கள் வரும். அவற்றில் பிடித்தது இல்லையென்றால் விண்டோஸ் 11-இல் 'வியூ கலர்ஸ்', விண்டோஸ் 10-இல் 'கஸ்டம் கலர்'. அதில் 'மோர்' என்பதைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கும் கட்டங்கள் இருக்கும். கண்ணால் பார்த்து இழுப்பதைவிட எண்ணாகக் கொடுங்கள், ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் அதே நிறம் வரும்.

நான் போட்டுப் பார்த்தவை: 48, 48, 48 அடர் சாம்பல், இரவில் வேலை செய்ய நல்லது. 128, 128, 128 நடு சாம்பல், ஃபோட்டோவில் நிறம் திருத்துபவர்களுக்கு இதுதான் சரி. பின்னணியில் சிவப்போ நீலமோ இருந்தால் படத்தின் நிறத்தைக் கண் தப்பாக எடைபோடும். 0, 128, 128 என்பது விண்டோஸ் 95-இன் பழைய மயில்பச்சை, 58, 110, 165 விண்டோஸ் 2000-இன் நீலம். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் ஆளுக்கு அரை மணி நேரம் என்று உட்கார்ந்தவர்களுக்கு அந்த மயில்பச்சையைப் பார்த்தாலே ஏசி வாசனை வரும்.

வெளிர் நிறம் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐகான் பெயர்கள் வெள்ளை எழுத்தில், ஒரு நிழலோடு வரும். வெள்ளைக்குப் பக்கமான நிறம் வைத்தால் படிக்க முடியாது. கருப்பு வைத்தால் மின்சாரம் மிச்சம் என்பதும் எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. ஓஎல்இடி திரையில் கருப்புப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும், அங்கே மிச்சம் உண்டு. வழக்கமான எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. பர்சனலைசேஷனில் 'கலர்ஸ்' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அது டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, ஜன்னல் ஓரங்களின் நிறம். அங்கே மாற்றினால் டெஸ்க்டாப் நிறம் மாறாது. டாஸ்க்பாருக்கு நிறம் கொடுக்கும் கட்டம் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தால், நீங்கள் 'லைட்' மோடில் இருக்கிறீர்கள். 'டார்க்' மாற்றினால், அல்லது 'கஸ்டம்' கொடுத்து விண்டோஸ் மோடை 'டார்க்' ஆக்கினால் உயிர் பெறும்.

வேர்டில் வெள்ளைப் பக்கம் கண்ணைக் குத்துகிறது என்பவர்களுக்கு டெஸ்க்டாப் நிறம் உதவாது. வேர்டுக்குள்ளேயே டிசைன், பேஜ் கலர் போய் வெளிர் சாம்பல் கொடுங்கள். சாதாரணமாக அது பிரிண்டில் வராது. ஆனால் கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் 'நோ கலர்' கொடுத்துவிடுங்கள், அவர் திரையிலும் அந்த நிறம் தெரியும்.

8. பெயின்ட்டில் ஒற்றை நிறப் படம்

மூன்று பேருக்கு இது தேவை: விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாதவர்கள், இரண்டு மானிட்டருக்கு இரண்டு நிறம் வேண்டுபவர்கள், லாக் ஸ்கிரீனிலும் வெறும் நிறம் வேண்டுபவர்கள். சாலிட் கலர் எல்லா மானிட்டருக்கும் ஒன்றுதான், லாக் ஸ்கிரீனுக்கு அந்த வசதியே இல்லை.

பெயின்ட்டைத் திறந்து, படத்தின் அளவை 1920, 1080 என்று மாற்றுங்கள். 'எடிட் கலர்ஸ்' போய் மூன்று எண்களைக் கொடுத்து, வாளிப் படமுள்ள கருவியால் ஒரு கிளிக். சேமிக்கும்போது பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுங்கள், ஜேபெக் வேண்டாம், அது நிறத்தை லேசாக மாற்றக்கூடும். பெயரில் அந்த எண்களையே வைத்துவிடுங்கள். பிறகு பேக்கிரவுண்ட் பக்கத்தில் அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் எந்த மானிட்டருக்கு என்று கேட்கும்.

இன்னும் விண்டோஸ் 7 ஓட்டும் பழைய பில்லிங் கணினி கடையில் இருந்தால் நான்காவது காரணமும் உண்டு. அந்தப் பதிப்பில் சாலிட் கலர் வைத்தால் உள்ளே நுழையும்போது வெல்கம் திரை 30 வினாடி நின்றுவிடும் கோளாறு இருந்தது. மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாத கணினியில் சாலிட் கலருக்குப் பதில் ஒற்றை நிறப் படம் வைத்தால் அந்தக் காத்திருப்பு போய்விடும்.

9. நிறம் வேறு மாதிரி தெரிகிறதா?

சாம்பல் வைத்தேன், மஞ்சளாகத் தெரிகிறது என்றால் முதலில் நைட் லைட். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளேயில் அதை ஆஃப் செய்து பாருங்கள். அது சாயங்காலம் தானாக ஆன் ஆகும்படிகூட வைக்கப்பட்டிருக்கலாம், காலையில் சரியாகவும் இரவில் மஞ்சளாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து ஆக்சசபிலிட்டியில் 'கலர் ஃபில்டர்ஸ்'.

இரண்டும் ஆஃப், ஆனாலும் நிறம் தப்பு என்றால் ஒரு எளிய சோதனை. மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவழையுங்கள். அந்த மெனு மானிட்டருக்குள்ளேயே உருவாகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. மெனுவின் நிறம் சரி, மற்றதெல்லாம் தப்பு என்றால் கோளாறு கேபிளில் அல்லது கணினியில். மெனுவும் சேர்ந்து நிறம் மாறியிருந்தால் மானிட்டரில்.

நீல நிற விஜிஏ கேபிள் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வையுங்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நீலக் கம்பி விட்டுப்போனால் திரை மஞ்சளாகும், பச்சை போனால் ரோஜா ஊதா, சிவப்பு போனால் பச்சை கலந்த நீலம். கணினி கிளம்பும்போது வரும் கம்பெனி லோகோவிலேயே இந்த நிறம் தெரிந்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். கணினியை அணைத்து, கேபிளை இரு பக்கமும் கழற்றி, முனையில் உள்ள ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்து, நேராகச் செருகி, இரண்டு பக்கத் திருகுகளையும் முறுக்குங்கள். ஊசி வளைந்திருந்தால் புதுக் கேபிள்தான், நான் 180 ரூபாய்க்கு வாங்கினேன்.

10. கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை: கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது. டெஸ்க்டாப்பில் கிடப்பவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன, ஃபார்மட்டில் முதலில் போவது அவைதான். போட்டிருக்கும் மென்பொருள்கள், தமிழ் ஃபான்ட்டுகள், விசைப்பலகை அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் தெரியும் விண்டோஸ் எடிஷனை போனில் ஒரு படம். கணினி வாங்கிய பில்லின் நகல். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், எப்படியும் ஃபார்மட் என்று ஆகிவிட்டால் உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

கொஞ்சம் தைரியம் இருந்தால் நீங்களே போடலாம். மைக்ரோசாஃப்ட்டின் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசம், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பென்டிரைவில் முன்பே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், காலியானதைக் கொடுங்கள்.

கடையில் திரும்ப வாங்கும்போது காசு கொடுக்கும் முன் அங்கேயே கணினியைப் போட்டு ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஆக்டிவ்' என்றோ (விண்டோஸ் 10-இல்) 'ஆக்டிவேட்டட்' என்றோ இருக்கிறதா, எடிஷன் பழையதுதானா? பில்லில் என்ன எடிஷன் போட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நிறம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.